ஆளுநர் வருகிறார், ஆரத்தித் தட்டு எங்கே?

ஜூலை பிறந்துவிட்டால் தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் ஃபிளெக்ஸ் அச்சகங்களுக்குக் கொண்டாட்டம்தான். ஒரு பக்கம் ஆடித் தள்ளுபடி, இன்னொரு பக்கம் 'மாவட்ட ஆளுநரே, வருக வருக'. இந்த ஆளுநர் கிண்டி மாளிகையில் இருப்பவர் அல்லர். ரோட்டரி, அரிமா போன்ற சேவைச் சங்கங்கள் பல ஊர்க் கிளைகளைச் சேர்த்து ஒரு மாவட்டம் என்று எண் போட்டு வைத்திருக்கின்றன. அதற்கு ஓராண்டுக் காலம் தலைவராக இருப்பவருக்குத்தான் ஆளுநர் என்று பெயர். ரோட்டரியில் ஜூலை 1 அன்று பதவியேற்று மறு ஜூன் 30 அன்று இறங்குவார். அதற்குள் தன் மாவட்டத்தின் எல்லாச் சங்கங்களையும், தனித்தனியாகவோ சிலவற்றைச் சேர்த்தோ, நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது விதி. நலிந்த சங்கத்தைத் தூக்கி நிறுத்துவது, நடக்கிற திட்டங்களைப் பார்வையிடுவது, உழைத்தவர்களைப் பாராட்டுவது என்று காகிதத்தில் அந்த வருகைக்குக் காரணங்கள் உண்டு. நல்ல காரணங்கள்தான்.

அந்தக் கடைசிக் காரணத்தைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு. உழைத்தவர் யார்? பாராட்டுப் பெறுகிறவர் யார்?

ஒரு வருகை நாள் எப்படிப் போகும் என்பது சிறு நகரத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். காலையில் ஊர் எல்லையில் வரவேற்பு, சால்வை. பிறகு கார்கள் வரிசையாகக் கிளம்பும். அரசுப் பள்ளியில் கழிப்பறை திறப்பு, அங்கன்வாடியில் நாற்காலிகள் வழங்குதல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம், சாலையோரத்தில் நான்கு மரக்கன்று. ஒவ்வோர் இடத்திலும் பதினைந்து நிமிடம். மதியம் நிர்வாகிகளோடு ஆலோசனைக் கூட்டம். மாலையில் ஓட்டல் அரங்கிலோ கல்யாண மண்டபத்திலோ பொதுக்கூட்டம்: தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, கழுத்தில் பதக்கச் சங்கிலி, மேசைமேல் மணி, செயலாளர் அறிக்கை, மலர் வெளியீடு, நலத்திட்ட உதவிகள், ஆளுநர் உரை, நினைவுப் பரிசு, நன்றியுரை, இரவு விருந்து. மறுநாள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் ஒரு படம்.

அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். நடுவில் ஒரு தையல் இயந்திரம். அதைப் பிடித்தபடி ஐந்தாறு ஆண்கள். ஓரத்தில், பாதி மறைந்தாற்போல, ஒரு பெண். இயந்திரம் அவளுக்குத்தான். ஆனால் அவள் கை அதன்மேல் இருக்காது, வைக்க இடமிருக்காது.

இதே நாளைப் பெண்களின் பக்கமிருந்து எழுதினால் வேறொரு நிகழ்ச்சி நிரல் கிடைக்கும். பத்து மணி வரவேற்புக்கு எட்டு மணிக்கே பட்டுப்பாவாடையோடு வந்து நிற்கும் எட்டாம் வகுப்புச் சிறுமிகள், பன்னீர்ச் செம்போடும் சந்தனக் கிண்ணத்தோடும். 'பார்க்க நல்லா இருக்கிற பிள்ளைகளா அனுப்புங்க டீச்சர்' என்று கேட்பதற்கு யாருக்கும் கூச்சம் இருந்ததில்லை. ஆசிரியையாக இருந்த ஆண்டுகளில் இந்த வேண்டுகோளை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். 'பார்க்க நல்லா' என்பதற்கு எந்த நிறம், எந்தத் தெரு என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். பையன்களை யாரும் சந்தனக் கிண்ணத்துக்குக் கேட்டதில்லை. அவர்களுக்கு பேண்ட் வாத்தியம்.

பிறகு அங்கன்வாடி. ஆளுநர் வருவதற்கு முதல் நாளே பணியாளரும் உதவியாளரும் சுவரைத் துடைத்து, கோலம் போட்டு, பிள்ளைகளை வீடு வீடாகப் போய்க் கூட்டிவந்து, புதுச் சட்டை போட்டுவிடச் சொல்லித் தாய்களிடம் கெஞ்சி, கார் தாமதமானால் அழுகிற குழந்தைக்குப் பிஸ்கட் கொடுத்துச் சமாளித்திருப்பார்கள். கார் வந்ததும் அவர்கள் சுவரோரம் ஒதுங்கிவிடுவார்கள். மேடையில் அவர்கள் பெயர் வராது. வந்தாலும் 'அங்கன்வாடி ஊழியர்களுக்கும்' என்று நன்றியுரையில், ஒலிபெருக்கிக்காரருக்கும் பந்தல்காரருக்கும் இடையில் வரும்.

அப்புறம் மனைவியர். ஆளுநரின் மனைவிக்கு இந்தியச் சங்கங்களில் ஃபர்ஸ்ட் லேடி என்று பட்டம். உறுப்பினர்கள் நிர்வாகக் கூட்டத்தில் இருக்கும்போது இந்த முதல் பெண்மணிக்கு உறுப்பினர்களின் மனைவியரோடு தனி நிகழ்ச்சி: கோலப்போட்டி, சமையல் குறிப்பு, முதியோர் இல்லத்தில் மதிய உணவு பரிமாறுதல். பெண்ணே ஆளுநராக வந்த ஆண்டுகளில் கணவரை என்ன சொல்லி அழைப்பது என்று தடுமாறுகிறார்கள். அவரைக் கோலப்போட்டிக்கு நடுவராக உட்கார வைத்ததாக மட்டும் நான் கேள்விப்பட்டதில்லை.

ரோட்டரி உறுப்பினர்களின் மனைவியை 'ஆன்' என்று சொல்கிறார்கள், பிள்ளைகளை 'ஆனெட்' என்று. உறுப்பினர் கையேட்டைப் புரட்டினால் உறுப்பினரின் பெயர், தொழில், அதற்குக் கீழே ஆன் என்று போட்டு மனைவி பெயர், பிறந்தநாள், திருமண நாள். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1914 இல் ஹூஸ்டன் மாநாட்டுக்குப் போன ரயிலில் ஓர் உறுப்பினரின் மனைவியைச் சக பயணிகள் வேடிக்கையாக 'ரோட்டரி ஆன்' என்று கூப்பிட்டார்கள். அவர் பெயர் உண்மையிலேயே ஆன். அந்த ரயில் வேடிக்கை நூறு ஆண்டு தாண்டி நம் ஊர்க் கையேடு வரை வந்துவிட்டது. மருத்துவம் படித்து முப்பது ஆண்டு பிரசவம் பார்த்த பெண்ணும், கல்லூரிப் பேராசிரியையும், கணவரின் சங்கக் கையேட்டில் ஓர் அமெரிக்கப் பெண்ணின் செல்லப் பெயரோடு நிற்கிறார்கள்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: 'அதெல்லாம் பழைய கதை அம்மா. இப்போது பெண்கள் உறுப்பினர்களாக இருக்கிறார்கள், தலைவராகவும் வருகிறார்கள்.' வருகிறார்கள். 2018 இல் அரிமா இயக்கத்துக்கு ஐஸ்லாந்தின் குட்ரூன் இங்வடோட்டிர் உலகத் தலைவரானார். 2022 இல் ரோட்டரிக்குக் கனடாவின் ஜெனிஃபர் ஜோன்ஸ். 1905 இல் சிகாகோவில் தொடங்கிய ரோட்டரிக்கும் 1917 இல் தொடங்கிய அரிமாவுக்கும் ஒரு பெண் தலைவரைக் காண நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. கதவு எப்படித் திறந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சங்கத்து மேடைகளில் இந்தப் பகுதியை மட்டும் யாரும் வாசிப்பதில்லை.

கலிஃபோர்னியாவில் துவார்த்தே என்று ஒரு சிறிய ஊர். அங்கிருந்த ரோட்டரி சங்கத்தில் ஆள் குறைந்து, சங்கம் நடத்தவே முடியாத நிலை வந்தபோது 1977 இல் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். மறு ஆண்டு சர்வதேசத் தலைமை அந்தச் சங்கத்தையே நீக்கியது. அவர்கள் கலையவில்லை. 'முன்னாள் ரோட்டரி சங்கம்' என்று பெயர் வைத்துக்கொண்டு, சக்கரச் சின்னத்தின்மேல் பெருக்கல் குறி போட்ட பேட்ஜைக் குத்திக்கொண்டு கூடினார்கள். வழக்குப் போட்டார்கள். 1987 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு நீதிபதிகூட மாறுபடாமல் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு அந்தச் சங்கத்தின் தலைவராகச் சில்வியா விட்லாக் என்ற கறுப்பினப் பெண் பொறுப்பேற்றார். ரோட்டரியில் ஒரு சங்கத்துக்குத் தலைவரான முதல் பெண் அவர்தான். 1989 இல் விதிப்புத்தகத்திலிருந்து 'ஆண்' என்ற சொல் எடுக்கப்பட்டது. அரிமா இயக்கமும் 1987 இல்தான் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. சேவை மனப்பான்மை கனிந்து திறந்த கதவு அல்ல இது. வழக்காடித் திறந்தது.

இதில் நமக்கு நெருக்கமான ஒரு செய்தி உண்டு. பெண் சமத்துவம் மேற்கத்திய இறக்குமதி என்று மேடைக்கு மேடை பேசுகிறவர்களுக்காகவே சொல்கிறேன். 'ஆண்' என்ற சொல்லை நீக்க வேண்டும் என்று 1950 இலேயே ரோட்டரியின் சட்ட மன்றத்துக்குத் தீர்மானம் அனுப்பியது இந்தியாவில் இருந்த ஒரு சங்கம். 1964 இல் பெண்களைச் சேர்க்க அனுமதி கேட்டுத் தீர்மானம் அனுப்பியது இலங்கையில் இருந்த ஒரு சங்கம். உலகப் பிரதிநிதிகள் கூடி வாக்களித்து, அது திரும்பப் பெறப்பட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். நம் பக்கத்து ஆண்கள் சிலருக்கு அன்றே தோன்றிய நியாயம் அமெரிக்கத் தலைமைக்கு நீதிமன்றம் சொல்லித்தான் தெரிந்தது. இன்று நம் ஊர் ஆளுநர்களில் எத்தனை பேருக்கு இந்த 1950, 1964 தெரியும்? தெரிந்திருந்தால் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய வரலாறு அல்லவா?

அரிமாக்களின் கதை இன்னும் கொஞ்சம் கசப்பு. கண் சிகிச்சை முகாம் என்றாலே நம் ஊரில் அரிமா சங்கம்தான் நினைவுக்கு வரும். அந்தப் பணியை அவர்களுக்குக் கொடுத்தவர் ஒரு பெண். 1925 இல் ஒஹையோ மாநிலத்தில் நடந்த அவர்களுடைய மாநாட்டில் ஹெலன் கெல்லர் மேடையேறி, பார்வையற்றோருக்காகப் போரிடும் வீரர்களாக நீங்கள் வர வேண்டும் என்று கேட்டார். வந்தார்கள், அதுவே இயக்கத்தின் அடையாளமாகிவிட்டது. அந்த உரைக்கும் பெண்கள் உறுப்பினராக வழி பிறந்ததற்கும் நடுவே 62 ஆண்டுகள். வேலை சொல்லித்தர ஒரு பெண் வேண்டியிருந்தது, உட்கார வைக்க மட்டும் நாற்காலி இல்லை.

இன்னொரு வரலாறும் இருக்கிறது, அதைக் கேலி செய்ய நான் தயாரில்லை. 1924 ஜனவரியில் மான்செஸ்டரில் மார்கரெட் கோல்டிங் என்பவர் ரோட்டரி உறுப்பினர்களின் மனைவியரைக் கூட்டித் தொடங்கியது இன்னர் வீல். சக்கரத்துக்குள் ஒரு சக்கரம். பேரிலேயே உள்ளே இருக்கிறது என்று சிரிக்கலாம். ஆனால் நம் சிறு நகரங்களில் எத்தனையோ பெண்கள் வாழ்க்கையில் முதன்முதலாக மைக்கைப் பிடித்ததும், ரசீதுப் புத்தகம் வைத்துக் கணக்கு எழுதியதும், வங்கிக்குத் தனியாகப் போனதும் அங்கேதான். கணவர் அனுப்பிய கூட்டத்துக்குப் போய், கணவருக்குத் தெரியாத ஒரு தைரியத்தோடு திரும்பியவர்கள் உண்டு. வீட்டில் அடிபட்டு வந்த பெண்ணைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போகும் வேலையைச் சத்தமில்லாமல் செய்தவர்களும் அவர்களில் உண்டு. அந்த வேலைகள் ஆளுநர் வருகையின் அறிக்கையில் ஏறாது. காவல் நிலைய வாசலில் நின்று படம் எடுக்க முடியாதே.

பட்டமும் கோலப்போட்டியும் மேல்தோல். அடியில் இருப்பது 'தன்னார்வம்' என்ற சொல்.

வசதியுள்ள ஆண் ஒருவர் மாதத்தில் இரண்டு மாலைப் பொழுதையும் கொஞ்சம் பணத்தையும் ஊருக்குக் கொடுத்தால் அது தன்னார்வத் தொண்டு. அதற்குப் பேட்ஜ் உண்டு, பட்டம் உண்டு. பெயருக்கு முன்னால் ரோட்டேரியன் என்றோ அரிமா என்றோ போட்டுக்கொள்ளலாம். ரோட்டரி அறக்கட்டளைக்கு ஆயிரம் டாலர் கொடுத்தால் நிறுவனர் பெயரில் பால் ஹாரிஸ் ஃபெலோ என்ற சிறப்பும் கிடைக்கும். அதே சொல் ஏழைப் பெண்ணுக்கு வரும்போது சம்பளம் கொடுக்காமல் இருப்பதற்கான காரணமாகிவிடுகிறது.

அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது 1975 அக்டோபர் 2 அன்று. இன்றுவரை அங்கன்வாடிப் பணியாளர் பெறுவதற்கு மத்திய அரசின் ஏட்டில் பெயர் சம்பளம் அல்ல, மதிப்பூதியம். அவர் வகிப்பது அரசுப் பதவி அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2006 இல் சொன்னது. பணிக்கொடை உண்டு என்று அதே நீதிமன்றம் சொல்வதற்கு 2022 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வீடு வீடாகப் போய் ஆரோக்கியச் செய்தி சொல்லும் ஆஷா பணியாளரை உலக சுகாதார அமைப்பு 2022 இல் விருது கொடுத்துக் கௌரவித்தது. நம் அரசு அவரைத் தன்னார்வலர் என்றுதான் வகைப்படுத்தி வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடிப் போய் ரத்த அழுத்தம் பார்ப்பவர் 'பெண் சுகாதாரத் தன்னார்வலர்'. இல்லம் தேடிக் கல்வியில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் தன்னார்வலர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. ஒரு ஆளுநர் வருகையில் சால்வைக்கும் பூங்கொத்துக்கும் ஆகும் செலவு எத்தனை பெண்களின் எத்தனை மாத ஊக்கத்தொகை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு தன்னார்வமும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம்தான் ஆளுநர் வருகை. ஒரு தன்னார்வலர் காரிலிருந்து இறங்குகிறார். இன்னொரு தன்னார்வலர் ஆரத்தித் தட்டோடு வாசலில் நிற்கிறார்.

போலியோவை எடுத்துக்கொள்ளுங்கள். ரோட்டரியின் மிகப் பெரிய சாதனை அதுதான், மறுக்க மாட்டேன். 1985 இல் உலக அளவில் அந்த வேலையைக் கையிலெடுத்தார்கள். அரசுகள் தயங்கியபோதும் பணம் திரட்டினார்கள். இதுவரை கொடுத்தது 200 கோடி டாலருக்கும் மேல். இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்ட ஒரு சின்னப் பெண் குழந்தை. 2014 மார்ச் 27 அன்று நாடு போலியோ அற்றது என்று சான்றளிக்கப்பட்டது. அந்தப் பணம் இல்லாமல் இது நடந்திருக்காது. ஆனால் பணம் நடந்து போய்க் குழந்தையின் வாயில் சொட்டு மருந்து விடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐஸ் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனது கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர். வராத குழந்தையைத் தேடி மறுநாள் வீடு வீடாக ஏறி இறங்கி, சுண்டுவிரலில் மை வைத்து, கதவில் சாக்கட்டியால் குறி போட்டதும் அவர்கள். உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் மருந்தே வேண்டாம் என்று மூடிக்கொண்ட வீடுகளுக்குள் போக முடிந்தது அதே தெருவில் வாழ்ந்த பெண்களால்தான். ஆண்கள் போனால் வாசலோடு திரும்ப வேண்டியிருந்தது. சங்கத்து மேடையில் 'நாம் போலியோவை ஒழித்தோம்' என்று ஒவ்வோர் ஆண்டும் ஒலிக்கிற அந்த 'நாம்' யார்? அதற்குள் இந்தப் பெண்கள் இருந்தால் ஏன் அவர்கள் மண்டபத்தில் இல்லை?

உறுப்பினர்களின் தன்னார்வமும் வானத்திலிருந்து விழுவதில்லை. மாலை ஏழரை மணிக் கூட்டத்துக்கு ஒருவர் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்ப முடிகிறதென்றால், அந்த நேரத்தில் பிள்ளையின் வீட்டுப்பாடத்தையும் மாமியாரின் மாத்திரையையும் இரவுச் சமையலையும் வேறொருவர் பார்த்துக்கொள்கிறார் என்று பொருள். பெண் உறுப்பினர் அதே கூட்டத்துக்கு வர வேண்டுமானால் இத்தனையையும் ஆறு மணிக்குள் முடித்துவிட்டு வர வேண்டும். பிறகு, 'லேடீஸ் சரியா மீட்டிங் வர்றதில்லை' என்று வருகைப் பதிவேட்டைக் காட்டுவார்கள். ரோட்டரியில் உறுப்பினரைத் தொழில் வகைப்படி சேர்ப்பது வழக்கம்: ஒரு வழக்கறிஞர், ஒரு மருத்துவர், ஒரு நகைக்கடைக்காரர் என்று. அந்தப் பட்டியலில் வீட்டு வேலைக்கு வெகுகாலம் இடமே இல்லை. அது தொழில் இல்லையாம்.

இனி அந்தத் தையல் இயந்திரத்துக்கு வருவோம். ஏன் எப்போதும் தையல் இயந்திரம்? அரசுத் திட்டமும் அதையே கொடுக்கிறது, அரசியல் கட்சியும் அதையே கொடுக்கிறது, சங்கமும் அதையே கொடுக்கிறது. விலை கைக்கு அடக்கம், மேடையில் எடுப்பாகத் தெரியும், கொடுக்கிறவருக்குக் கேள்வி எதுவும் வராது. இதற்குப் பின்னால் ஒரு கற்பனை இருக்கிறது: நல்ல ஏழைப் பெண் என்பவள் வீட்டைவிட்டு வெளியே போகாமல், அடுப்பையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டே, கிடைத்த நேரத்தில் தைத்துச் சம்பாதிப்பவள். அவளுக்கு மேற்படிப்புக் கட்டணமோ, ஆட்டோ ஓட்டும் உரிமமோ, கடை வைக்கச் சந்தையில் ஓர் இடமோ, நிலத்துப் பட்டாவில் பெயர் சேர்க்க ஒரு வழக்கறிஞரோ தேவைப்படலாம் என்று தோன்றுவதில்லை. சங்கத்தில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்களே! இயந்திரம் வாங்கிய பெண்ணுக்கு ரவிக்கை தைக்கத் தெரியுமா, தெருவில் ஏற்கெனவே எத்தனை பேர் தைக்கிறார்கள், இப்போது அது ஓடுகிறதா, அடகுக் கடையில் இருக்கிறதா என்று அடுத்த ஆண்டு வரும் ஆளுநர் கேட்பதில்லை. அவருக்குப் புது இயந்திரம், புதுப் பெண், புதுப் படம்.

அதைவிடக் கொடுமை ஒலிபெருக்கியில் வரும் அறிமுகம். 'கணவனால் கைவிடப்பட்ட', 'ஆதரவற்ற விதவை', 'குடிகாரக் கணவனால் பாதிக்கப்பட்ட' என்று பெயரோடு ஊரோடு சேர்த்து வாசிப்பார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டே மேடையேறி, கும்பிட்டு, ஓரத்தில் நின்று, இறங்கிப் போவாள். அந்த அரங்கில் யாருடைய கணவர் யாரைக் கைவிட்டார் என்று மற்றவர்களைப் பற்றி வாசிக்கத் தொடங்கினால் கூட்டம் என்னவாகும்? ஒரு பெண்ணின் துயரத்தை ஊரறியச் சொல்வதுதான் உதவிக்கு அவள் கொடுக்கும் விலை. அந்த விலையைக் கணக்கில் சேர்த்தால் இயந்திரம் இலவசம் அல்ல.

பள்ளிக் கழிப்பறையும் அப்படித்தான். கட்டிக் கொடுக்கிறார்கள், பெண் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று ஒரு டீச்சராக எனக்குத் தெரியும். தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்க அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தவள் நான். ஆனால் திறப்பு விழாக் கல்வெட்டில் தலைவர், செயலாளர், பொருளாளர், ஆளுநர் என்று நான்கு வரி இருக்கும். அதைத் தினமும் கழுவப்போகிறவர் பெயர் இருக்காது. அவர் பெரும்பாலும் பகுதிநேரப் பணியாளர், பெரும்பாலும் தலித் பெண், கூலி சொற்பம், அதுவும் பல மாதம் நிலுவை. அவருக்குக் கையுறையும் ஆசிடும் வாங்க ஒரு தொகையைச் சங்கம் ஒதுக்கினால் அதற்குக் கல்வெட்டு வைக்க முடியாது. ஆறு மாதத்தில் நாப்கின் எரியூட்டி பழுதாகி மூலையில் கிடக்கும். 'மெக்கானிக்குக்கு போன் பண்ணுங்க மேடம்' என்பார்கள். கட்டியது மேடையின் கணக்கில், காப்பாற்றுவது பெண்களின் கணக்கில்.

'அவர்கள் சொந்தப் பணத்தில் செய்கிறார்கள், உனக்கு என்ன குறை?' என்று கேட்பவர்கள் உண்டு. சொந்தப் பணம்தான், நன்றி. அதற்கு வருமானவரிச் சலுகையும் உண்டு, அதுவும் சரி. ஆனால் அரசுப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் உள்ளே வரும்போது அவர்கள் வருவது பொதுச்சொத்துக்குள், அங்கே வேலை செய்யும் பெண்களின் நேரத்துக்குள், அங்கே படிக்கும் பிள்ளைகளின் வகுப்புக்குள். அந்த நேரத்துக்கும் வகுப்புக்கும் ரசீது இல்லை. கொடையாளி என்பதால் கேள்விக்கு அப்பாற்பட்டவர் ஆகிவிட முடியாது. பெண்கள் நன்றி சொல்லி மட்டுமே பழகியதால் கேள்வி இவ்வளவு நாள் வராமல் இருந்தது.

கல்லூரியில் படிக்கும் பெண்களே, உங்களிடம்தான் இந்த ஆண்டும் வருவார்கள். ரோட்டராக்ட், லியோ, நாட்டு நலப்பணித் திட்டம் என்று ஏதோ ஓர் அமைப்பில் நீங்கள் இருப்பீர்கள். வரவேற்புக்குப் பத்துப் பெண்கள், ஒரே நிறப் புடவையில், என்று கேட்பார்கள். பையன்கள் ஐந்து பேரும் நாங்கள் ஐந்து பேரும் வருகிறோம், புடவை வேண்டாம், நாற்காலி எடுத்துப் போடுவதையும் பிரித்துக்கொள்கிறோம் என்று சொல்லிப் பாருங்கள். தொகுத்து வழங்கச் சொன்னால், உதவி பெறுகிறவர்களின் குடும்ப விவரத்தை வாசிக்க மாட்டேன், பெயரையும் அவர் செய்யப்போகும் தொழிலையும் மட்டும் வாசிப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செயலாளர் அறிக்கை எழுத உங்களைத்தான் உட்கார வைப்பார்கள், எழுத்து அழகாக இருக்கிறது என்று. அப்போது சென்ற ஆண்டு கொடுத்த தையல் இயந்திரங்களின் இன்றைய நிலை என்று ஒரு பத்தி சேருங்கள். அதற்காக அந்தப் பெண்களின் வீடுகளுக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

சங்கத்தில் உறுப்பினர்களாக இருக்கும் தோழியர்க்கும் ஒன்று. மதியம் ஆளுநரோடு நடக்கும் ஆலோசனைக் கூட்டத்தில் உங்களுக்கும் நாற்காலி உண்டு, கோலப்போட்டிக்குப் போய்விடாதீர்கள். அங்கே மூன்று கேள்விகள் போதும். இந்த ஊரின் அங்கன்வாடிப் பணியாளரையும் சுகாதாரத் தன்னார்வலரையும் மாலை மேடையில் உட்கார வைத்து, அவர்கள் வாயால் அவர்கள் வேலையைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வைக்க முடியுமா? வருகைச் செலவு எவ்வளவு, திட்டச் செலவு எவ்வளவு என்று இரண்டையும் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுக்க முடியுமா? காலையில் ஆளுநர் ரிப்பன் வெட்டிய கழிப்பறையை நாளை காலை கழுவப்போகிற அம்மாவின் பெயர் என்ன, அவருக்குக் கூலி கடைசியாக எந்த மாதம் வந்தது?